நீர்மேல் மிதந்த பொய்யிரை: ஒரு மீனை நம்பவைத்த கதை

வரலாறு என்றதும் அரசர்களையும் போர்களையும் ஒப்பந்தங்களையும் தேடிச் செல்வதே நமது வழக்கம். ஆனால் உள்ளங்கைக்குள் அடங்கிவிடும் ஒரு மரத்துண்டுக்கும் வரலாறு உண்டு. அதற்கும் கர்ண பரம்பரைக் கதை உண்டு. மறைக்கப்பட்ட முன்னோடிகள் உண்டு. கடல் கடந்து சென்று விளைவித்த கேடும் உண்டு. அமெரிக்காவில் பாஸ் என்னும் நன்னீர் மீனைப் பிடிப்பதற்காக நீரின் மேற்பரப்பில் மிதக்கவிடப்படும் செயற்கை இரையின் வரலாறு அத்தகையது.

முதலில் மீனைப் பற்றிச் சில வார்த்தைகள். நமது கொடுவா மீனை ஆங்கிலத்தில் பாஸ் என்று அழைப்போர் உண்டு. இது அதுவன்று. வட அமெரிக்காவின் ஆறுகளிலும் ஏரிகளிலும் சதுப்பு நிலங்களிலும் வாழும் பெருவாய்ப் பாஸ் இது. பச்சை படர்ந்த உடல், பக்கவாட்டில் கரிய பட்டை, கண்ணுக்கும் பின்னால் நீளும் வாய். பாசிக்கும் விழுந்த மரத்துக்கும் அடியில் அசையாது காத்திருந்து, அருகே வருவதைப் பாய்ந்து கவ்வும் இயல்புடையது. நமது குளங்களில் தாமரை இலைகளுக்கு இடையே தவளைக்காகப் பதுங்கியிருக்கும் விராலை அறிந்தவர்களுக்கு இந்த மீனின் சுபாவத்தை விளங்கிக்கொள்வது கடினமாக இராது.

இம்மீன் வாயை அகலத் திறக்கும் கணத்தில் வாய்க்குள் ஒரு வெற்றிடம் உண்டாகின்றது. சுற்றியுள்ள நீரோடு இரையும் உள்ளே இழுக்கப்படுகின்றது. நீருக்குள் இருக்கும் இரைக்கு இது தப்பாத பொறி. மேற்பரப்பில் மிதக்கும் இரையோ பாதி நீரிலும் பாதி காற்றிலும் இருப்பது. மீன் உறிஞ்சும்போது நீரோடு காற்றும் சேர்ந்து உள்ளே போகும். இரை துள்ளி விலகிவிடும். அதனாலேயே மேற்பரப்பு இரையைப் பின்தொடரும் மீன்கள் பல. அதன் அடியில் வந்து நின்று பார்ப்பவை பல. வாலால் அடித்துவிட்டுப் போகின்றவையும் உண்டு. முழுமனதோடு கவ்வுகின்றவை சிலவே. இந்தச் சிலவற்றைப் பலவாக்குவது எப்படி என்ற ஒரே கேள்விக்கு மனிதர்கள் தேடிய விடைகளே இந்த வரலாற்றின் உள்ளடக்கம்.

மிச்சிக்கன் மாநிலத்தில் டொவாஜியாக் என்றொரு சிறு நகரம் இருக்கின்றது. அங்கு வாழ்ந்த ஜேம்ஸ் ஹெடன் (1845 - 1911) பல துறைகளில் கைவைத்தவர். தேனீ வளர்ப்பில் பெயர் பெற்றவர். புதிய வகைத் தேன்கூட்டுப் பெட்டி ஒன்றுக்குக் காப்புரிமை பெற்றவர். உள்ளூர்ப் பத்திரிகை நடத்தியவர். நகர முதல்வராகவும் இருந்தவர். 1890களில் ஒருநாள் மில் குளத்தின் கரையில் நண்பர் ஒருவருக்காகக் காத்திருந்த ஹெடன், பொழுதுபோக்காக ஒரு மரத்துண்டைச் சீவிக்கொண்டிருந்தாராம். சீவியதை நீரில் எறிய, அது விழுந்த இடத்தில் ஒரு பாஸ் சீறிப் பாய்ந்து அதைத் தாக்கியதாம். அந்தக் கணத்தில் பிறந்ததே செயற்கை மர இரை என்பது டொவாஜியாக் நகரின் கதை. அதன் பின் ஹெடன் தவளை வடிவில் மர இரைகளைக் கையால் செதுக்கி நண்பர்களுக்கு வழங்கினார். 1902இல் மகனோடு சேர்ந்து கம்பனி தொடங்கினார். மூக்குப் பகுதி சரிவாக வெட்டப்பட்டு, கழுத்தில் உலோக வளையம் பூட்டிய மிதக்கும் இரையொன்று முதலில் விற்பனைக்கு வந்தது. இழுக்கும்போது அந்த வளையம் நீரைக் கிழித்துச் சலசலப்பை உண்டாக்கும். மகன் வில் ஹெடன் புளோரிடாவில் குடியேறி, அங்குள்ள பெரிய மீன்களிடம் புதிய இரைகளைப் பரீட்சித்தார்.

அழகான கதை. பத்திரிகையாளர் ஒருவர் தமது பொருளுக்குத் தாமே எழுதிக்கொள்ளக்கூடிய மிகச் சிறந்த செய்தி. ஆனால் ஹெடன் மரம் சீவுவதற்கு ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக முன்னரே அச்சேறிய ஒரு சாட்சியம் இருக்கின்றது.

பிலடெல்பியாவைச் சேர்ந்த தாவரவியலாளர் வில்லியம் பார்ட்ரம் 1773 முதல் 1777 வரை அமெரிக்காவின் தென்கிழக்குப் பகுதிகளில் அலைந்து திரிந்தவர். அவரது பயண நூல் 1791இல் வெளியாயிற்று. புளோரிடாவில் தாம் கண்ட ஒரு மீன்பிடி முறையை அவர் அதில் விரிவாகப் பதிவு செய்திருக்கின்றார். மீனை அவர் டிரவுட் என்கின்றார். அக்காலத்தில் தென்பகுதியில் பாசுக்கு வழங்கிய பெயர் அது. சிறிய தோணியில் இருவர். பின்னால் இருப்பவர் சத்தமின்றித் துடுப்பு வலிக்கின்றார். முன்னால் இருப்பவர் கையில் பத்துப் பன்னிரண்டு அடி நீளக் கம்பு. அதன் நுனியில் ஏறக்குறைய இருபது அங்குல நூல். நூலின் முனையில் முதுகோடு முதுகாகக் கட்டப்பட்ட மூன்று தூண்டில் முட்கள். அவற்றை மூடி மான் வாலின் வெண்மயிர், சிவப்புத் துணிக் கிழிசல்கள், பல நிற இறகுகள் சேர்ந்த, கைமுஷ்டி அளவான ஒரு குஞ்சம். உயிருள்ள இரை எதுவும் இல்லை. மிதக்கும் பாசியின் ஓரமாக அந்தக் குஞ்சத்தை நீருக்குச் சற்று மேலே முன்னும் பின்னும் ஆட்டி, இடையிடையே நீரைத் தொடவிடுகின்றார்கள். பாசிக்கடியில் இருந்து மீன் எழும்பிப் பாய்ந்து கவ்வுகின்றது.

செயற்கை இரை, மேற்பரப்பு, ஆட்டமும் தொடுகையும், பதுங்கிடத்தின் ஓரம் என எல்லாமே இதில் அடங்கிவிட்டன. இன்றைய தூண்டில்காரர் ஒருவரிடம் இந்த வர்ணனையைக் காட்டினால் அதில் திருத்துவதற்கு அவருக்கு அதிகம் இராது. இம்முறை புளோரிடாவின் ஆதிக்குடிகளிடமிருந்து வந்தது என்றே பின்வந்த தூண்டில் வரலாற்றாசிரியர்கள் பெரும்பாலும் கொள்வர். தோணியின் முன்பக்கத்தில் இருந்தவரின் பெயர் பார்ட்ரமின் நூலில் இல்லை. அவருக்குக் காப்புரிமையும் இல்லை, நூதனசாலையும் இல்லை. டொவாஜியாக் என்ற பெயரே பொத்தவாத்தமி மக்களின் மொழியிலிருந்து வந்தது; உணவு தேடும் இடம் என்ற பொருளைத் தருவது. அந்த மக்களின் போக்காகன் பிரிவினரை அமெரிக்க அரசு முறைப்படி மீண்டும் அங்கீகரிப்பதற்கு 1994ஆம் ஆண்டுவரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஒரு மண்ணில் யார் முதலில் உணவு தேடினார்கள் என்பது அந்த மண்ணின் பெயரிலேயே எழுதப்பட்டிருக்க, கண்டுபிடித்தவர் பட்டத்தை மட்டும் வேறொருவர் பெற்றுக்கொண்டார். இது மீன்பிடியில் மாத்திரம் நடக்கும் விடயமன்று.

இதனால் ஹெடனின் பங்கு சிறிதாகிவிடாது. பார்ட்ரம் கண்ட முறையில் இரை எட்டும் தூரம் கம்பின் நீளமே. அதைத் தூர எறிய வேண்டுமாயின் நூலைத் தடையின்றி வெளிவிட்டு மீண்டும் சுற்றிக்கொள்ளும் சக்கரம் வேண்டும். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கென்டக்கி மாநிலத்தின் பாரிஸ் நகரில் வாழ்ந்த ஜோர்ஜ் ஸ்னைடர் என்ற கடிகாரத் தொழிலாளி, கைப்பிடி ஒருமுறை சுற்ற நூற்சுருள் பலமுறை சுழலும் பற்சக்கரச் சுருளியை உருவாக்கினார். கடிகாரத்தின் நுட்பம் தூண்டிலுக்குள் புகுந்தது. அந்தச் சக்கரத்துக்கு எறிவதற்குத் தக்க பாரமுள்ள இரை தேவைப்பட்டது. மரத்தாலான இரை அந்த இடத்தை நிரப்பிற்று. ஹெடன் செய்தது, பழைய அறிவொன்றைத் தூரத்துக்கு எறியக்கூடிய பண்டமாக மாற்றியதும், அதைத் தொழிற்சாலையில் பெருக்கியதுமே.

தொழில் பெருகப் போட்டியும் பெருகியது. நியூ ஜேர்சியின் ஹொபாட்கொங் ஏரியில் ஆன்ஸ் டெக்கர் என்பவர் தமது மேற்பரப்பு இரைக்குப் பெயர் பெற்றிருந்தார். சிக்காகோவின் ஜேமிசன் என்பவர் கோக்சர் என்ற தமது மிதக்கும் இரையே மேலானது என்றார். வாதம் பத்திரிகைகளில் மூண்டு, 1910இல் ஒகாயோ மாநிலத்தின் கொங்கிரஸ் ஏரியில் பகிரங்கப் போட்டியாக முடிந்தது. அதில் ஜேமிசன் வென்றார்; வெற்றியை விளம்பரத்திலும் பயன்படுத்திக்கொண்டார்.

இரை, மீனைப் பிடிப்பதற்கு முன்னர் கடையில் மனிதனைப் பிடித்தாக வேண்டும். கண்ணாடிக் கண்களும் பல பூச்சு அரக்கு வர்ணமும் மீனைவிட வாங்குபவருக்கே அதிகம் தேவைப்பட்டன. மேலே பார்க்கும் மீனுக்குத் தெரிவது வானத்தின் பின்னணியில் ஒரு நிழலுருவமே. இரவில் கறுப்பு நிற இரையைத் தூண்டில்காரர்கள் விரும்புவது இக்காரணத்தாலேயே. இருண்ட வானத்துக்கு எதிரேயும் கறுப்புத்தான் திடமாகத் தெரியும்.

அடுத்த பெரும் பெயர் ஒகாயோவின் அக்ரன் நகரைச் சேர்ந்த பிரெட் ஆர்போகாஸ்ட். குட்இயர் றப்பர் கம்பனியில் வேலை பார்த்தவர். தூண்டில் எறிவதில் போட்டிகளில் வென்றவர். 1930களின் இறுதியில் அவர் வெளியிட்ட ஜிட்டர்பக், அக்காலத்து நடனம் ஒன்றின் பெயரைத் தாங்கியது. முகத்தில் இரட்டைக் கரண்டி போன்ற அகன்ற உலோகத் தகடு. சீராக இழுத்தால் இடமும் வலமுமாக அசைந்து, குளுக் குளுக் என்ற ஒரே தாளத்தில் நீரைக் கடைந்துகொண்டு வரும். இரண்டாம் உலகப் போரில் உலோகம் அரிதானபோது அத்தகட்டைப் பிளாஸ்ரிக்கில் செய்தார்கள். இன்று பழைய இரைகளைச் சேகரிப்போர் இந்தத் தகட்டைப் பார்த்தே போர்க்காலத்து உருப்படியை இனங்காண்கின்றனர்.

ஜிட்டர்பக்கின் இரகசியம் அதன் தாளத்திலேயே இருந்தது. மீனின் உடலின் இரு பக்கங்களிலும் ஓடும் உணர்கோடு நீரின் அதிர்வை அறியும். இருளில் மீன் கண்ணைவிட அதையே அதிகம் நம்புகின்றது. இரை மாறாத வேகத்தில் மாறாத தாளத்தோடு வந்தால், அது அடுத்த கணம் எங்கே இருக்கும் என்பதை மீன் கணித்துப் பாயும். தாளம் குழம்பினால் பாய்ச்சலும் குறி தவறும். பகலில் நிலைமை நேர்மாறு. பகலில் நன்றாகப் பார்க்க முடிந்த மீன் நெடுநேரம் பார்த்தால் ஏமாற்றைக் கண்டுகொள்ளும். ஆகவே தாளத்தை முறிக்க வேண்டும். இரை தப்பி ஓடுவதாகவோ காயப்பட்டதாகவோ தோன்ற வேண்டும்.

இதற்கென்றே பிறந்ததுபோல் அமைந்தது ஹெடன் கம்பனியின் சாரா ஸ்பூக். 1920களில் மரத்தில் செய்யப்பட்ட சரகோசா என்ற சுருட்டு வடிவ இரையே அதன் மூதாதை. புளோரிடாவின் பென்சகோலா நகரில் சரகோசா என்றொரு வீதி உண்டு. அந்த வீதியின் விலைமாதர் இடுப்பசைத்து நடந்த நடையை இரையின் அசைவில் கண்டவர்கள் வைத்த பெயர் அது என்பது தொழில் வட்டாரத்தில் வழங்கும் கதை. 1930களில் ஒளி ஊடுருவும் பிளாஸ்ரிக் வந்தபோது ஆவியைக் குறிக்கும் ஸ்பூக் என்ற சொல் சேர்ந்தது. இந்த இரைக்குத் தகடும் இல்லை, காற்றாடியும் இல்லை. தானாக எதுவும் செய்யாது. நூலைச் சற்றுத் தளர்வாக வைத்துக்கொண்டு கம்பின் நுனியைச் சீராகச் சுண்டினால் மூக்கை இடமும் வலமுமாகத் திருப்பி நெளிந்து வரும். நாயை நடத்திச் செல்லுதல் என்று இதற்குத் தூண்டில்காரர்கள் பெயரிட்டனர். நூலை இறுக்கிவிட்டால் நடை நின்றுவிடும். அசைவு முழுவதும் இழுப்பில் அன்று, இழுப்புக்குப் பின் விடும் தளர்வில்தான் பிறக்கின்றது.

1967இல் அலபாமாவைச் சேர்ந்த ரே ஸ்கொட் என்ற காப்புறுதி முகவர் ஆர்க்கன்சாஸின் பீவர் ஏரியில் பாஸ் பிடிக்கும் போட்டி ஒன்றை நடத்தினார். பொழுதுபோக்கு தொழிலாயிற்று. பரிசுப் பணம் வந்தபின் பாதி மனதோடு வந்து திரும்பும் மீன் வெறும் ஏமாற்றமல்ல, நட்டமாகவும் ஆயிற்று. 1970களில் மிசூரியின் சார்ளி காம்பெல் சாரா ஸ்பூக்கைப் போட்டிகளில் கையாண்டு அதற்கு இரண்டாம் வாழ்வு கொடுத்தார். டெக்சாஸின் செல் ரோலண்ட் பொப்-ஆர் என்ற சிறிய இரையைத் தமதாக்கிக்கொண்டார். அதன் குழிந்த வாய் ஒவ்வொரு சுண்டலுக்கும் நீரைத் துப்பும். சிறு மீன்கள் மேலே துரத்தப்படும்போது எழும் சத்தம் அது.

இவர்களின் அனுபவத்தில் திரண்ட விதிகள் எளியவை. நீரின் வெப்பம் ஏறக்குறைய 15 பாகை செல்சியசைத் தாண்டினால்தான் குளிர் இரத்த உயிரான பாஸ் மேலெழும்பித் துரத்தும் உற்சாகம் பெறும். விடியலும் அந்தியும் முகில் மூடிய பகலும் நன்று. இரை விழுந்ததும் அசைக்காதே; விழுந்த வளையங்கள் அடங்கும்வரை பொறு. நின்ற இரையின் அடியில் மீன் வந்து நிற்கலாம். அப்போது ஒரே ஒரு சிறு துடிப்புப் போதும். பின் முள்ளில் இறகு கட்டினால் இரை நின்றபோதும் இறகு மூச்சுவிடும். பின்தொடரும் மீன் பெரும்பாலும் அங்கேயே கவ்வும். நூல் தங்கூசி வகையாயின் மெதுவாகவே அமிழும். புளோரோகார்பன் நூல் விரைவில் அமிழ்ந்து இரையின் மூக்கைக் கீழே இழுக்கும்.

எல்லாவற்றுக்கும் மேலான விதி ஒன்று உண்டு. நீர் வெடித்துச் சிதறும்போது உடனே கம்பை உயர்த்தாதே. கண் கண்டதைக் கை நம்பக்கூடாது. மீனின் பாரம் நூலில் இறங்கியபின்பே இழு. மீன் தவறவிட்டால் இரையை அங்கேயே கிடக்கவிடு. அது திரும்பி வரும். ஆக, மீனை முழுமனதோடு கவ்வவைப்பதற்கு மனிதன் கற்க வேண்டியிருந்தது பெரும்பாலும் எதையும் செய்யாமல் இருப்பதையே.

சாதனைப் புத்தகத்தில் மேற்பரப்பு இரைக்கு முதலிடம் கிடைக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 1932 ஜூன் 2ஆம் திகதி, பெரும் பொருளாதார மந்தத்தின் நடுவில், ஜோர்ஜியாவின் மொன்கொமரி ஏரியில் ஜோர்ஜ் பெரி என்ற இளம் விவசாயி பிடித்த பாஸ் 22 இறாத்தல் 4 அவுன்சு. அவர் பயன்படுத்தியது இந்தியானாவின் கிறீக் சப் கம்பனியின், நீருக்குள் நெளிந்து ஓடும் இரை. அந்த மீனைக் குடும்பத்தார் சமைத்து உண்டார்கள். 77 ஆண்டுகள் கழித்து, 2009 ஜூலை 2ஆம் திகதி, மனாபு குரித்தா என்பவர் அதற்குச் சமமான மீனைப் பிடித்தார். பிடித்த இடம் அமெரிக்கா அல்ல. ஜப்பானின் பிவா ஏரி.

இந்த மீன் ஜப்பானுக்குப் போனது எப்படி? 1925இல் அக்காபொஷி தெத்சுமா என்ற தொழிலதிபர் அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்து ஹக்கோனே மலையிலுள்ள ஆஷி ஏரியில் விட்டார். நெடுங்காலம் அது ஒருசில இடங்களிலேயே அடங்கியிருந்தது. 1970களில் செயற்கை இரைத் தூண்டில் ஜப்பானில் மோகமானபோது பாஸ் நாடு முழுவதும் பரவிற்று. மீன் இருக்கும் இடத்துக்கு இரை போவதே உலக வழக்கம். இங்கே இரையின் கவர்ச்சி மீனையே அழைத்துச் சென்றது. பிவா ஏரியின் சுதேச மீன்கள் குறைந்தன. சீகா மாநில நிர்வாகம் பிடிபட்ட பாசை மீண்டும் ஏரியில் விடுவதை 2003 முதல் தடைசெய்தது. 2005இல் நடைமுறைக்கு வந்த தேசியச் சட்டம் அதை உயிரோடு கொண்டு செல்வதையும் வளர்ப்பதையும் விலக்கிற்று. பிடித்த மீனை உயிரோடு திருப்பி விடுவதே பண்பு என்று 1972 முதல் ரே ஸ்கொட்டின் அமைப்பு பரப்பிய அறம், பசிபிக்கின் மறுகரையில் விதிமீறலாயிற்று.

குரித்தா பயன்படுத்தியது உயிருள்ள புளூகில் மீன். அதுவும் அமெரிக்காவிலிருந்து வந்ததே. 1960இல் சிக்காகோ நகர முதல்வர் அன்பளிப்பாக வழங்க, அப்போது பட்டத்து இளவரசராக இருந்த அக்கிஹித்தோ அதை நாட்டுக்குக் கொண்டுவந்தார். 2007இல், பேரரசராக, பிவா ஏரிக்கரையிலுள்ள ஒட்சு நகரில் பேசியபோது அதற்காக அவர் பகிரங்கமாக மனம் வருந்தினார்.

வரலாறு ஒருவழிப் பாதையன்று. 2002இல் மேரிலாந்தின் குரொப்டன் என்ற ஊரில், நமது விராலுக்கு நெருங்கிய உறவான கிழக்காசிய விரால் இனமொன்று ஒரு குளத்தில் பெருகியிருப்பது கண்டுபிடிக்கப்பட்டது. குளத்தில் நஞ்சிட்டு அதை அழித்தார்கள். ஆயினும் 2004இல் பொட்டோமாக் ஆற்றில் அந்த இனம் தலைகாட்டிற்று. இன்று அங்கே அது நிலைத்துவிட்டது. அதைப் பிடிப்பதற்கு அமெரிக்கத் தூண்டில்காரர்கள் கையிலெடுத்தது பாசுக்கென்று செய்யப்பட்ட அதே மிதக்கும் தவளை இரையையே.

இனப் பகுப்பிலும் ஒரு திருத்தம் நேர்ந்திருக்கின்றது. 2022இல் வெளியான மரபணு ஆய்வின்படி புளோரிடாவின் பாசும் வடக்கின் பெருவாய்ப் பாசும் தனித்தனி இனங்கள். அதாவது, பார்ட்ரம் புளோரிடாவில் கண்ட மீன் வேறு. ஹெடனின் மில் குளத்து மீன் வேறு. இரண்டையும் ஏமாற்றிய உத்தி மட்டும் ஒன்றே.

ஹெடனின் தொழிற்சாலை டொவாஜியாக்கைவிட்டுப் போய்விட்டது. அந்நகரில் அவர் பெயரால் நூதனசாலை அமைந்தது. அவரது இரைகள் ஏலத்தில் பெரும் விலை பெறுகின்றன. ஆனால் அந்த மரத்துண்டுக்கும் முன்னதாக, மான்மயிரும் சிவப்புத் துணியும் சேர்ந்த ஒரு குஞ்சம் புளோரிடாவின் பாசியோரத்தில் நீரைத் தொட்டது. அதை ஆட்டிய கைக்கு எப்போது பொறுக்க வேண்டும், எப்போது தொட வேண்டும் என்பது தெரிந்திருந்தது. பின்வந்த கம்பனிகள் வர்ணம் பூசின, கண் வைத்தன, பெயர் சூட்டின. அந்தப் பொறுமையை மட்டும் எந்தக் கம்பனியாலும் பெட்டியில் அடைத்து விற்க முடியவில்லை.